டி.என்.ஏ. டேட்டாபேஸ்: பொருந்தினால் போதுமா?

நான் டேட்டாபேஸ் புரோகிராமர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருந்த இரண்டு வாடிக்கையாளர்களை ஒரே ஆள் என்று நினைத்துச் சேர்த்துவிட்டேன். ஒருவருடைய பாக்கி இன்னொருவர் கணக்கில் ஏறிவிட்டது! ஒப்பிட்ட ஃபீல்டுகள் போதவில்லை. போலீசாரின் டி.என்.ஏ. டேட்டாபேஸிலும் இப்படி நடந்திருக்கிறது.

இந்த டேட்டாபேஸில் நம் முழு டி.என்.ஏ.வும் பதிவாவதில்லை. டி.என்.ஏ.வின் சில இடங்களில் சிறு துணுக்குகள் அடுத்தடுத்துத் திரும்ப வரும். எத்தனை முறை என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஓர் இடத்துக்கு இரண்டு எண்கள்: தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. இந்த எண்கள்தான் ரெக்கார்டு. சம்பவ இடத்தில் கிடைத்த ரத்தத்தின் எண்களைக் கொடுத்துத் தேடினால், பொருந்தும் ஆள் கிடைப்பார்.

பிரிட்டன் தன் தேசிய டேட்டாபேஸை 1995-ல் தொடங்கியது. முதலில் ஒப்பிட்டது 6 இடங்களைத்தான். 1999-ல், போல்டன் நகரில் நடந்த ஒரு திருட்டுக்காக, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் வசித்த ஒருவர் கைதானார். தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு 3.7 கோடியில் 1 என்றார்கள். அவரோ நோயால் நடமாடவே சிரமப்பட்டவர். 10 இடங்களை ஒப்பிட்டபோது பொருந்தவில்லை, வழக்கு கைவிடப்பட்டது.

இது எப்படி நடந்தது? 3.7 கோடியில் 1 என்பது ஒரே ஒருவரோடு ஒப்பிடும்போது வரும் கணக்கு. டேட்டாபேஸில் 7 லட்சம் பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு முறை தேடினாலே தவறான ஆள் சிக்கும் வாய்ப்பு சுமார் 53-ல் 1! ஆட்கள் கூடக் கூட, ஒப்பிடும் இடங்களும் கூட வேண்டும். இன்று பிரிட்டன் 16 இடங்களையும் அமெரிக்கா 20 இடங்களையும் பார்க்கின்றன.

சரி, யாரையெல்லாம் சேர்க்கலாம்? இங்கிலாந்தில் கைதானவர் விடுதலையானாலும் ரெக்கார்டை அழிக்காமல் வைத்திருந்தார்கள். இது தனிமனித உரிமையை மீறுகிறது என்று 2008-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்ட இருவரில் ஒருவர், கைதானபோது 11 வயதுச் சிறுவன். பிறகு வந்த 2012-ம் ஆண்டுச் சட்டத்தால் 17 லட்சத்துக்கும் அதிகமான ரெக்கார்டுகள் அழிக்கப்பட்டன.

இந்த டேட்டாபேஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பல கொலைகாரர்கள் இதனால்தான் பிடிபட்டார்கள். ஆனால் கம்ப்யூட்டர் ஒரு பெயரைக் காட்டியதும், அந்த ஆள் அன்று அங்கே இருந்திருக்க முடியுமா என்றும் விசாரிக்க வேண்டும். என் தவறு ஒரு மன்னிப்புக் கடிதத்தோடு முடிந்தது. அங்கே ஒரு நோயாளி திருட்டுப் பட்டத்தைச் சுமந்தார்.