கார்டு போனாலும் பாட்டு போகக்கூடாது: ராஸ்பெரி பையை யூஎஸ்பியிலிருந்து தொடங்குவது எப்படி?



உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெரி பை கணினியை உங்களில் பலர் பள்ளியிலேயே தொட்டுப் பார்த்திருப்பீங்க. 2012 பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்தில் அது விற்பனைக்கு வந்தபோது விலை வெறும் 35 அமெரிக்க டாலர். பிள்ளைகள் கணினியைத் தொட்டு, பிரித்து, கெடுத்து, சரிசெய்து கற்கணும் என்பதுதான் அதை உருவாக்கியவர்களின் எண்ணம்.

ஜாலான் புசார் பக்கம் நாங்க கூடுற அறையிலும் ஒரு பை இருக்கு. ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பில் பதிகத்தைத் திரையில் காட்டுவதும், ஓதுவார் ஐயா பாடித் தந்த பதிவுகளை ஒலிக்க விடுவதும் அதன் வேலை. போன நவராத்திரி சமயத்தில் அதன் எஸ்டி கார்டு படுத்துவிட்டது. மென்பொருளை அரை மணி நேரத்தில் மறுபடி ஏற்றிவிடலாம். ஆனா ஐயாவின் குரல்? அவர் ஊருக்குத் திரும்பி இரண்டு வருஷம் ஆச்சு. பெரும்பாலான பதிவுகளுக்கு வேறு நகல் இருந்தது. சிலவற்றுக்கு இல்லை. அவை போனது போனதுதான்.

அதனால்தான் இந்தப் பாடம். பையை எஸ்டி கார்டில்லாமல், யூஎஸ்பியில் செருகிய எஸ்எஸ்டி வட்டிலிருந்து தொடங்க வைப்பது எப்படி என்று பார்ப்போம்.

கார்டு ஏன் சாகுது?

எஸ்டி கார்டுக்குள் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். அதன் ஒவ்வொரு சிற்றறையையும் இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்று ஓர் ஆயுள் கணக்கு உண்டு. கேமராவில் இது பெரிய தொல்லை இல்லை. ஒரு படம், இன்னொரு படம் என்று பெரிய கோப்புகளாக எழுதிக்கொண்டே போகும். கணினியில் கதை வேறு. நாம சும்மா இருந்தாலும் இயங்குதளம் தன் நாட்குறிப்பைத் துணுக்குத் துணுக்காக எழுதிக்கிட்டே இருக்கும். ஃபிளாஷில் ஒரு துணுக்கை மாற்ற, அது இருக்கும் பெரிய தொகுதியையே மாற்றி எழுத வேண்டி வரலாம். இதனால் தேய்மானம் கூடுது. எழுதிக்கொண்டிருக்கும்போதே யாராவது சுவிட்சை அணைத்துவிட்டால் கோப்பு முறையும் குழம்பிப்போகும்.

எஸ்எஸ்டியிலும் ஃபிளாஷ்தான் இருக்கு. ஆனா அதன் கட்டுப்பாட்டுச் சில்லு திறமையானது. தேய்மானத்தை எல்லா அறைகளுக்கும் பரவலாகப் பங்கிடும்; பழுதான அறைக்குப் பதிலாக மாற்று அறை வைத்திருக்கும். வேகமும் கூடும். பை 4-இல் எஸ்டி கார்டு நொடிக்குச் சுமார் 40 மெகாபைட் படிக்கும். யூஎஸ்பி 3 வழியாக நல்ல எஸ்எஸ்டி 300-ஐத் தாண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. விரல் நீளத்தில் சாவிக்கொத்தில் தொங்குகிற யூஎஸ்பி தம்ப் டிரைவ் பலவும் எஸ்டி கார்டைவிட உறுதியானவை அல்ல. பழகிப் பார்க்க அது போதும். கோயிலிலும் வகுப்பிலும் நாள் முழுக்க ஓட எஸ்எஸ்டிதான் சரி.

பிள்ளையார் சுழி போடுவது யார்?

எதை எழுதத் தொடங்கினாலும் முதலில் பிள்ளையார் சுழி போடுவோம். கணினிக்கும் அப்படி ஒரு தொடக்கம் உண்டு. மின்சாரம் வந்ததும் சில்லுக்குள்ளேயே பதிந்திருக்கும் ஒரு சிறு நிரல் விழித்துக்கொள்ளும். இதை யாராலும் மாற்ற முடியாது. அடுத்த கட்ட நிரல் எங்கே இருக்கு என்று அது தேடும். அந்த அடுத்த கட்டம்தான் பூட்லோடர். பூட்லோடர் இயங்குதளத்தின் கருவை நினைவகத்தில் ஏற்றும். கரு எழுந்ததும் தன் கோப்புகள் உள்ள பகுதியைத் தேடிப் பிடிக்கும். பிறகுதான் நமக்குத் திரை தெரியும்.

ஆக, யூஎஸ்பியிலிருந்து தொடங்கணும் என்றால் இரண்டு பேருக்கு வழி சொல்லணும். பூட்லோடருக்கு 'யூஎஸ்பியிலும் தேடு' என்று. கருவுக்கு 'உன் கோப்புகள் அந்த வட்டில்தான்' என்று. தொடங்காத பைகளில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் விட்டுப்போயிருக்கும்.

உங்க பை எந்த வகை?

பை 3பி (2016): யூஎஸ்பியில் தேடும் திறமை சில்லிலேயே இருக்கு, ஆனா அணைத்து வைக்கப்பட்டிருக்கு. எஸ்டி கார்டிலுள்ள கான்ஃபிக் கோப்பில் 'புரோகிராம் யூஎஸ்பி பூட் மோட்' என்ற அமைப்புக்கு 1 என்று மதிப்பு கொடுத்து (சொற்களுக்கு நடுவே இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு வரும்) ஒருமுறை தொடங்கினால் போதும். இது சில்லில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். திருப்பி எடுக்க முடியாது. அதனால் பயப்பட வேண்டியதில்லை, கார்டிலிருந்தும் வழக்கம்போலத் தொடங்கும்.

பை 3பி பிளஸ்: தொழிற்சாலையிலேயே இயக்கித் தந்திருக்காங்க. ஒன்றும் செய்ய வேண்டாம்.

பை 4: இது 2019 ஜூனில் வந்தபோது யூஎஸ்பி தொடக்கம் இல்லை. பூட்லோடர் பலகையிலேயே ஒரு தனிச் சில்லில் இருப்பதால் அதைப் புதுப்பிக்கலாம். 2020-இல் வந்த நிலையான பதிப்பிலிருந்து யூஎஸ்பி தொடக்கம் கிடைத்தது. பழைய பலகை கையில் இருந்தால் முதலில் பூட்லோடரைப் புதுப்பிக்கணும்.

பை 5 (2023): யூஎஸ்பி தொடக்கம் முதலிலிருந்தே உண்டு. ஆனா மின்சாரத்தில் கண்டிப்பானது. அதைப் பிறகு சொல்றேன்.

பை 4-இல் தேடும் வரிசையைக் குறிக்க 'பூட் ஆர்டர்' என்று ஓர் எண் உண்டு. அதை வலமிருந்து இடமாகப் படிக்கணும். 1 என்றால் எஸ்டி கார்டு, 4 என்றால் யூஎஸ்பி, எஃப் என்றால் மறுபடி முதலிலிருந்து. எஃப்41 என்று இருந்தால் முதலில் கார்டு, அது இல்லையென்றால் யூஎஸ்பி, அதுவும் இல்லையென்றால் திரும்பவும் கார்டு. எஃப்14 என்றால் முதலில் யூஎஸ்பி. இது புரிந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்தது.

ஜாலான் புசாரில் என்ன வாங்கணும்?

ஜாலான் புசாரின் தொடக்கத்தில் சிம் லிம் டவர் இருக்கு. மின்னணு உதிரிப் பாகங்களுக்கு நம்ம ஊரில் பேர்போன கட்டடம். ரெசிஸ்டரிலிருந்து பற்றவைக்கும் கருவி வரை கிடைக்கும். நடக்கும் தூரத்தில் ரோச்சோர் கால்வாய்ச் சாலையில் சிம் லிம் ஸ்குவேர். பக்கத்துச் சுங்கை ரோட்டில்தான் பழம்பொருள் சந்தை 2017 ஜூலை வரை நடந்தது. கெட்டுப்போன வானொலியையும் கடிகாரத்தையும் வாங்கிவந்து உயிர்கொடுத்த பெரியவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு.

வாங்க வேண்டியவை மூன்றே. ஒன்று, 120 அல்லது 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. வீட்டுப் பழைய மடிக்கணினியில் இருந்தால் அதுவே போதும். இரண்டு, சாட்டாவை யூஎஸ்பி 3-ஆக மாற்றும் இணைப்பான். வாங்கும்போது 'இதில் என்ன சில்லு இருக்கு, ராஸ்பெரி பையில் ஓடுமா' என்று கேளுங்க. ரசீதைப் பத்திரமாக வைங்க. மூன்று, சரியான மின்னூட்டி. பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர், பை 5-க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர். திறன்பேசிச் சார்ஜரை வைத்துச் சமாளிக்க வேண்டாம்.

செய்முறை (பை 4-க்கு)

1. முதலில் உங்க பதிவுகளையும் கோப்புகளையும் வேறொரு கணினியில் நகலெடுங்க. இதை முடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீங்க.

2. மடிக்கணினியில் ராஸ்பெரி பை இமேஜரைத் திறந்து, உதவி நிரல்கள் பகுதியில் பூட்லோடர், அதற்குள் யூஎஸ்பி பூட் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓர் உபரி கார்டில் எழுதுங்க. அதைப் பையில் செருகி மின்சாரம் கொடுத்தால், வேலை முடிந்ததும் பச்சை விளக்கு விடாமல் சிமிட்டும். திரை இணைத்திருந்தால் முழுப் பச்சையாகும். அணைத்துவிட்டு அந்தக் கார்டை எடுத்துடுங்க.

3. பழைய கார்டைப் போட்டுப் பையைத் தொடங்கி, எஸ்எஸ்டியை நீல நிற யூஎஸ்பி துளையில் செருகுங்க. மெனுவில் துணைக்கருவிகளுக்குள் எஸ்டி கார்டு காப்பியர் இருக்கும். கார்டிலிருந்து எஸ்எஸ்டிக்கு நகலெடுக்கச் சொல்லுங்க. எஸ்எஸ்டியில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும். 'புதிய பகிர்வு அடையாளம்' என்ற கட்டத்தில் குறியிடுங்க. இல்லையென்றால் கார்டும் வட்டும் ஒரே பெயரில் இரட்டைப் பிறவிகளாகி, கரு எதைப் பிடிப்பது என்று தடுமாறும்.

4. முறைப்படி அணையுங்க. கார்டை வெளியே எடுங்க. மின்சாரம் கொடுங்க. முதல்முறை தொடங்க ஒரு நிமிடம்கூட ஆகலாம், பொறுமை வேணும்.

5. எதிலிருந்து ஓடுது என்று உறுதி செய்யுங்க. முனையத்தில் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையைக் கொடுத்தால், சாய்வுக்கோடு மட்டும் உள்ள மூலப் பகுதி 'எஸ்டிஏ' என்ற பெயரின் கீழ் வரணும். 'எம்எம்சி' என்று தொடங்கும் பெயரின் கீழ் வந்தால் இன்னும் கார்டிலேயே ஓடுது என்று பொருள்.

ஓடலைன்னா?

திரையில் மின்னல் குறி தெரிந்தால் மின்சாரம் போதவில்லை. பை 4-இன் எல்லா யூஎஸ்பி துளைகளும் சேர்ந்து 1.2 ஆம்பியர்தான் தரும். பை 5-இல் 5 ஆம்பியர் மின்னூட்டி இல்லையென்றால் அது 600 மில்லியாம்பியராகக் குறைந்துவிடும்; எஸ்எஸ்டி தடுமாறலாம். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப் வேணும்.

நீலத் துளையில் ஓடாமல் கறுப்புத் துளையில் ஓடினால், பெரும்பாலும் இணைப்பானின் சில்லில்தான் சிக்கல். சில சில்லுகள் வேகமான பரிமாற்ற முறையில் சொதப்பும். அந்த முறையை மட்டும் அணைக்க ஒரு வழி உண்டு, கொஞ்சம் வேகம் குறையும். முடிந்தால் வேறு இணைப்பான் வாங்குவதே நிம்மதி.

எஸ்எஸ்டி செருகியதும் வைஃபை தடுமாறுதா? யூஎஸ்பி 3 கம்பி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இரைச்சல் தரும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்க, அல்லது வட்டைப் பையிலிருந்து சற்றுத் தள்ளி வைங்க.

சுவடி சொல்லும் பாடம்

தேவாரச் சுவடிகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்ததையும், நம்பியாண்டார் நம்பி வழிகாட்ட, சோழ மன்னர் அந்த அறையைத் திறந்தபோது பெரும்பகுதியைக் கறையான் அரித்திருந்ததையும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. பனையோலைக்கு ஆயுள் உண்டு. அதனால்தான் நம் முன்னோர் தலைமுறைக்குத் தலைமுறை புது ஓலையில் படியெடுத்தாங்க. ஊர் ஊராகப் பாடவும் செய்தாங்க.

எஸ்எஸ்டியும் ஓலைதான், கார்டைவிடக் கொஞ்சம் கெட்டியான ஓலை. அதுவும் ஒருநாள் போகும். எனவே யூஎஸ்பியிலிருந்து தொடங்க வைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீங்க. முக்கியமான பதிவு மூன்று இடத்தில் இருக்கட்டும்: பையில் ஒன்று, ஒருவர் வீட்டு வட்டில் ஒன்று, கட்டடத்துக்கு வெளியே இணையச் சேமிப்பில் ஒன்று. மாதம் ஒருமுறை, உதாரணத்துக்குப் பிரதோஷத்தன்று, நகலெடுக்கும் பொறுப்பை ஒரு தொண்டூழியர் ஏற்கட்டும். எடுத்த நகலைத் திறந்து கேட்டும் பார்க்கணும். திறக்காத நகலை நம்ப முடியாது.

பயிற்சி

1. பூட் ஆர்டர் எஃப்14 என்று இருக்கும் பையில் கார்டு, எஸ்எஸ்டி இரண்டும் செருகியிருந்தால் எது தொடங்கும்? ஏன்?

2. உங்க கோயிலில் அல்லது வகுப்பில் எஸ்டி கார்டில் மட்டுமே இருக்கும் கோப்புகளைப் பட்டியலிடுங்க. அவற்றுள் மறுபடி கிடைக்காதவை எவை?

3. உங்க தாத்தாவோ பாட்டியோ பாடும் ஒரு பதிகத்தை இந்த வாரமே பதிவு செய்து, மூன்று இடத்தில் வைங்க.