புனிதவதியாரைத் திரையில் காட்டியவர்

காரைக்கால் நகரத்துக்குத் தெற்கே, அணித்தாக உள்ள ஊர் நெரவி. ஆனித் திங்கள் முழுமதி நாளில் அவ்வூராரும் சுற்றுவட்டாரத்தாரும் காரைக்காலில் கூடி மாங்கனித் திருவிழாக் காண்பர். பிச்சாடனர் வீதியுலா வருங்கால், மாடிகளினின்றும் மாங்கனிகளை வாரி இறைப்பர். கீழே நிற்போர் மேலாடையையும் முந்தானையையும் விரித்து அவற்றை ஏற்பர். கணவன் அனுப்பிய இரு கனிகளுள் ஒன்றை அடியவர்க்கு அமுதோடு படைத்த புனிதவதியாரின் வரலாறு, ஆண்டுதோறும் இவ்வாறு தெருவிலேயே நடித்துக் காட்டப்பெறுகிறது. அவ்வரலாற்றை 1973 ஆம் ஆண்டில் ‘காரைக்கால் அம்மையார்’ என்னும் திரைப்படமாக ஆக்கி, விழாவைக் கண்டறியாத ஊர்களுக்கும் கொண்டு சென்றவர் ஏ. பி. நாகராசன்.

இவர் 1928 ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்துச் சங்ககிரியை அடுத்த அக்கம்மாபேட்டையில் பிறந்தார். சிறுவராக இருந்தபோதே டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிற் சேர்ந்தார். அக்குழுவின் ஔவை சண்முகம், நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளிடம் இளமையில் பயின்றவர். அக்காலத்துப் பாலர் நாடகக் குழுக்களில் ஆசிரியர் வைத்ததே சட்டம். பாடம் நெட்டுருவாக வேண்டும். குரல் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டும். ஒற்று விழுந்தால் அடி விழும். பெண் வேடமும் சிறுவர்களே புனைவர். நாகராசனும் பெண் வேடங்களில் நடித்தே தேர்ந்தார். பின்னாளில் திரையில் அவர் எழுதிய உரையாடல்கள் செவிக்கு இனிமையாக அமைந்தமைக்கு வித்து இப்பயிற்சியே.

பின்னர்த் தாமே ஒரு நாடகக் குழுவையும் நடத்தினார். அவருடைய ‘நால்வர்’ நாடகம் 1953 இல் திரைப்படமாயிற்று. அதில் அவரே நடித்தார். 1957 இல் வந்த ‘மக்களைப் பெற்ற மகராசி’யில் கொங்கு நாட்டுப் பேச்சையே பாத்திரத்தின் வாயில் வைத்தார். 1962 இல் ‘வடிவுக்கு வளைகாப்பு’ வாயிலாக இயக்குநரானார். கொத்தமங்கலம் சுப்புவின் நாவலைத் தழுவிய ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968 இல் வெளிவந்தது. நாகசுரக் கலைஞரின் வாழ்வை அவ்வளவு பரிவோடு காட்டிய படம் பிறிதொன்று உண்டோ என்பது ஐயமே.

1965 இல் வந்த ‘திருவிளையாடல்’ அவர்தம் புகழின் கொடுமுடி. மங்கையர் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டோ என்னும் வழக்கில், இறைவனாகச் சிவாஜி கணேசன் சினந்து நிற்க, எதிரே அஞ்சாது நின்ற நக்கீரர் வேறு யாருமல்லர்; நாகராசனே! ஏட்டைத் தொட்டறியாதவரும் சங்கப் புலவரின் பெயரை அறிந்தது இக்காட்சியால் அன்றோ? பள்ளி விழாக்களில் மாணவர்கள் இதனை நடிப்பதையும் காண்கிறோம்.

அவர் படங்களில் நாடக வாடை மிகுதி என்று குறை கூறுவோர் உளர். அது பொய்யன்று. பாத்திரங்கள் மேடையில் நிற்பதுபோல் நின்று நெடும்பொழுது பேசும். ஆயினும் அப்பேச்சைக் கேட்கவே மக்கள் மீண்டும் மீண்டும் சென்றனர். நாகராசனும் தாம் வந்த வழியை மறைத்தாரல்லர். டி. கே. எஸ். குழுவினர் நடித்த ‘இராஜராஜ சோழன்’ நாடகத்தை 1973 இல் திரைக்குக் கொணர்ந்தார். அதுவே தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அக்குழுவின் ‘குமாஸ்தாவின் பெண்’ணையும் மறுஆண்டில் ‘குமாஸ்தாவின் மகள்’ எனப் படமாக்கினார். 1977 இல், ஐம்பது வயது நிரம்புமுன்னரே, அவர் மறைந்தார்.

‘காரைக்கால் அம்மையா’ரில் இளம் புனிதவதியாராக இலட்சுமி நடித்தார். அழகு உடலை உதறிப் பேயுரு வேண்டிப் பெற்ற அம்மையாராக நடிப்பதற்கு, நாகராசன் நாடக மேடையையே நாடினார். ஒலிபெருக்கி இல்லாத நாளிலேயே பெருங்கூட்டத்தைத் தம் குரலால் கட்டி ஆண்ட கே. பி. சுந்தராம்பாளை அழைத்தார். அப்போது அவ்வம்மையார் அறுபதைக் கடந்திருந்தார். குரல் மட்டும் தளரவில்லை.