பந்து உனக்கு முன்னே போய்ச் சேரும்: புது ரிசீவருக்குச் சில அறிவுரைகள்

அமெரிக்கக் கால்பந்தில் ரிசீவராக இறங்கும் பிள்ளைகள் தங்கள் ஓட்டத்தையும் கையையும் நம்பித்தான் வருகிறார்கள். கல்லூரி வரைக்கும் அது போதும். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் உன்னைக் காவல் காக்க எதிரே நிற்கும் கார்னர்பேக்கும் உன் அளவுக்கு ஓடுவான். அங்கே உன்னை நிலைநிறுத்துவது குவாட்டர்பேக்கின் நம்பிக்கை. நீ திரும்புவதற்கு முன்பே, உன் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு, ஆளில்லாத ஓர் இடத்துக்கு அவர் பந்தை எறிய வேண்டும். அங்கே நீ வந்து சேருவாய் என்று நம்பாவிட்டால் அரை நொடி காத்திருப்பார். அந்த அரை நொடியில் எதிரணியின் முன்வரிசை அவரைத் தரையில் சாய்த்துவிடும். அதனால் நம்பாத ஆளின் பக்கம் அவர் கண் போகாது. நீ தனியாக நின்று கையை ஆட்டினாலும் போகாது.

இந்த நம்பிக்கையை எப்படி ஈட்டுவது, புதியவர்கள் அதை எங்கே தொலைக்கிறார்கள் என்பதை, நெடுங்காலம் இந்த ஆட்டத்தைக் கூர்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கேள் தம்பி.

1. பந்தை ஒருமுறை நழுவவிட்டதால் குடிமுழுகிப் போகாது. 2022 செப்டம்பர் 11 அன்று மினியாபொலிஸில் வைக்கிங்ஸுக்கு எதிராக கிரீன் பே பேக்கர்ஸ் அந்தப் பருவத்தைத் தொடங்கியது. பேக்கர்ஸ் பந்தைக் கையில் எடுத்த முதல் ஆட்ட நகர்விலேயே, அறிமுக வீரர் கிறிஸ்டியன் வாட்சன் அனுபவசாலியான கார்னர்பேக் பாட்ரிக் பீட்டர்சனைத் தாண்டி ஓடிவிட்டார். குவாட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் எறிந்த நெடும்பந்து கைக்குள்ளேயே வந்து விழுந்தது. வாட்சன் விட்டுவிட்டார். பிடித்திருந்தால் 75 யார்டு டச்டவுன். ஆட்டம் 23-7 என்று கைவிட்டுப் போனது.

ராட்ஜர்ஸ் இளைஞர்களிடம் கண்டிப்பானவர். சில வாரங்களுக்கு முன்புதான், பயிற்சி முகாமில் பந்தைத் தவறவிடுவதையும் சொல்லிவைத்த பாதையான ரூட்டைத் தப்பாக ஓடுவதையும் செய்தியாளர்கள் முன்னிலையிலேயே கண்டித்திருந்தார். ஆனால் அந்தத் தோல்விக்குப் பின் வாட்சனின் கைதவறலை அவர் பெரிதுபடுத்தவில்லை. பந்து நழுவுவது நடக்கக்கூடியதுதான், சிந்தனைத் தவறுகளைத்தான் பொறுக்க முடியாது என்ற பொருளில் பேசினார். இந்தப் பிரிவினையை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள். கை தவறினால் ஒரு பந்து வீண். தப்பான இடத்துக்கு ஓடினால் அடுத்த முறையும் உன்னை எங்கே தேடுவது என்று அவருக்குத் தெரியாமல் போகிறது. நவம்பர் 13 அன்று டல்லஸ் கவ்பாய்ஸுக்கு எதிராக அதே ராட்ஜர்ஸ் அதே வாட்சனுக்கு எறிந்து மூன்று டச்டவுன்கள் வந்தன. அவற்றில் இரண்டு, 14 புள்ளி பின்தங்கியிருந்த நான்காம் கால்பகுதியில். தப்பான ரூட் ஓடும் பிள்ளையாக வாட்சன் பெயரெடுத்திருந்தால் அந்த இக்கட்டில் பந்து அவர் பக்கம் வந்திருக்காது.

2. அடிகளை எண்ணு. ஒவ்வொரு ரூட்டும் குவாட்டர்பேக் பின்னோக்கி வைக்கும் அடிகளோடு சேர்த்துக் கட்டப்பட்டது. ஸ்லான்ட் போன்ற குறுகிய ரூட்டுக்கு அவர் மூன்று அடி வைப்பார். பன்னிரண்டு யார்டு போய்த் திரும்பும் கர்ல் போன்றவற்றுக்கு ஐந்து அடி. ஷாட்கன் அமைப்பில் ஏற்கெனவே தள்ளி நிற்பதால் அடிகள் குறையும், கணக்கு மாறாது. கடைசி அடியில் பின்பாதம் ஊன்றியதும் பந்து கையைவிட்டுப் புறப்பட்டுவிடும்.

இதில் புதியவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி. பன்னிரண்டு என்றால் பத்திலேயே திரும்புவது ஒன்று. கார்னர்பேக் தோளைத் தொட்டதும் பதறிப்போய் ஆழத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். இன்னொன்று, வெட்டித் திரும்ப வேண்டிய இடத்தில் வளைந்து திரும்புவது. வேகம் குறையக் கூடாதே என்று நீ போடும் அந்த வளைவுக்குள் கார்னர்பேக் புகுந்து உனக்கு முன்னால் வந்து நிற்கிறான். பந்து அவன் கைக்குப் போகிறது. ஆட்டக் குறிப்பேட்டில் அந்த இன்டர்செப்ஷன் குவாட்டர்பேக் பெயரில்தான் ஏறும், உன் பெயரில் ஏறாது. உன் வளைவால் தன் கணக்கில் ஒரு கறை விழுந்ததை அவர் மறப்பார் என்று எண்ணாதே.

மூன்றாவது டவுனில் இன்னொன்றும் சேரும். முதல் டவுனுக்கு எட்டு யார்டு வேண்டும் என்றால் ஏழில் திரும்பாதே. கோடு எங்கே இருக்கிறது என்று அணி கூடிப் பேசும் ஹடிலை விட்டுக் கிளம்பும்போதே பார்த்துக்கொள்.

3. அவர் பார்ப்பதை நீயும் பார். நான் சொல்வதிலேயே இதுதான் கடினமானது. பயிற்சிக்கு மேல் பயிற்சி தேவைப்படுவதும் இதற்குத்தான்.

உனக்குச் சொல்லப்பட்ட ரூட் பாதி நேரம் அப்படியே ஓட வேண்டியதல்ல. தடுப்பாட்டக்காரர்கள் ஆளுக்கு ஆள் என்று காவல் காத்தால் நிற்காமல் ஓடு. இடத்துக்கு இடம் என்று காத்தால் இரண்டு பேருக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தில் நின்று திரும்பு. லைன்பேக்கரோ சேஃப்டியோ பிளிட்ஸ் என்று குவாட்டர்பேக் மீது பாய்ந்தால் நீள ரூட்டைக் கைவிட்டு, பாய்ந்தவன் காலிசெய்த இடத்துக்குள் சட்டென்று வெட்டு. இவையெல்லாம் பந்து ஆட்டத்துக்கு வரும் ஸ்னாப்புக்குச் சற்று முன்னும், அதற்குப் பின் ஓரிரு நொடிக்குள்ளும் முடிவாக வேண்டும். வாய் திறந்து பேச நேரம் கிடையாது. அவர் பிளிட்ஸைப் பார்த்து குறும்பந்து எறிகிறார், நீ பார்க்காமல் நேரே ஓடிக்கொண்டிருக்கிறாய் என்றால், பந்து வெறும் புல்லில் விழும். அரங்கத்தில் இருப்பவர்கள் குவாட்டர்பேக் மோசமாக எறிந்தார் என்பார்கள். அவருக்கும் உனக்கும் பயிற்சியாளருக்கும் மட்டும் உண்மை தெரியும்.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோன இருவர் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் ரிசீவர் ரேமண்ட் பெர்ரியும் குவாட்டர்பேக் ஜானி யூனைடஸும். பெர்ரியை, புது வீரர்களை எடுக்கும் 1954 டிராஃப்டில் இருபதாவது சுற்றில்தான் எடுத்தார்கள். பார்வை மங்கல், கான்டாக்ட் லென்ஸ் போட்டு ஆடியவர். பெரிய வேகமும் கிடையாது. 1955இல், முதல் பருவத்தில் அவர் பிடித்தது வெறும் 13 பந்துகள். யூனைடஸ் நிலை அதைவிட மோசம். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. உள்ளூர் அணியொன்றில் ஆட்டத்துக்கு ஆறு டாலர் வாங்கி ஆடிக்கொண்டிருந்தவர், 1956இல் கோல்ட்ஸுக்கு வந்தார். மற்றவர்கள் குளிக்கப் போனபிறகும் இவர்கள் இருவரும் மைதானத்தில் எறிந்து பிடித்துக்கொண்டிருப்பார்கள். எறிவதோடு நிற்கவில்லை. எதிரி இப்படி நின்றால் நீ என்ன செய்வாய், நான் என்ன செய்வேன் என்று பேசிப் பேசித் தீர்த்தார்கள்.

1958 டிசம்பர் 28, நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியம், ஜயன்ட்ஸுக்கு எதிரான சாம்பியன்ஷிப் ஆட்டம். மூன்று புள்ளி பின்தங்கியிருந்த கோல்ட்ஸுக்குக் கடைசி இரண்டு நிமிடங்கள்தான் மிச்சம். ஓர் ஆட்ட நகர்வில் லைன்பேக்கர் ஹார்லண்ட் ஸ்வேர், வழக்கத்துக்கு மாறாகப் பெர்ரியின் நேரெதிரே வந்து நின்றுகொண்டார். சொல்லியிருந்த ரூட் இனி நடக்காது. இந்த நிலை வந்தால் ஸ்லான்டாக மாற்றிக்கொள்வோம் என்று இருவரும் எப்போதோ ஒருநாள் பேசி வைத்திருந்தார்கள். பெர்ரி யூனைடஸைப் பார்த்தார், யூனைடஸ் பெர்ரியைப் பார்த்தார். ஸ்வேரைத் தாண்டி உள்ளே வெட்டிய பெர்ரி பந்தைப் பிடித்து 25 யார்டு கொண்டுபோனார். அடுத்தடுத்து மூன்று பந்துகளில் 62 யார்டு. ஃபீல்ட் கோலால் சமநிலை, கூடுதல் நேரத்தில் 23-17 வெற்றி. அன்று பெர்ரி பிடித்த பந்துகள் 12, யார்டு 178. பேசிவைத்ததை அதற்கு முன் பயன்படுத்த வேண்டிய தேவை வந்ததா இல்லையா என்பதல்ல, அந்த ஒரு நொடியில் இருவருக்கும் ஒரே நினைவு எழுந்தது என்பதுதான் எனக்கு இன்றுவரை வியப்பு. நீயும் உன் குவாட்டர்பேக்கோடு உட்கார்ந்து பேசு. ஒளிப்பதிவு பார்க்கும்போது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் போய் உட்கார். அவர் எங்கே நிறுத்திப் பார்க்கிறார் என்று கவனி.

4. ஆட்டத் திட்டங்கள் அடங்கிய பிளேபுக்கில் உன் வரியை மட்டும் படிக்காதே. இந்த நகர்வில் உள்ளே நிற்கும் ரிசீவர் ஏன் சேஃப்டியை இழுத்துக்கொண்டு போகிறார் என்று புரிந்தால்தான், நீ எந்த நொடியில் அங்கே வர வேண்டும் என்பது புரியும். ஜெர்ரி ரைஸ் 1985இல் மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸுக்கு வந்தார். டிராஃப்டில் 16ஆவது தேர்வு. பயிற்சியாளர் பில் வால்ஷின் ஆட்டமுறையோ நுணுக்கம் மிகுந்தது. எங்கே ஓடுவது என்ற யோசனையிலேயே மனம் நின்றதால் கைக்கு வந்த பந்துகளைத் தவறவிட்டார். சொந்த ரசிகர்களே கூச்சலிட்டார்கள். ரூட்கள் மனத்தில் படிந்தபிறகு கைகள் தாமாகவே சரியாயின. அதே ஆண்டு டிசம்பரில் ராம்ஸுக்கு எதிராக 10 பந்துகள், 241 யார்டு. மறு ஆண்டு 1,570 யார்டு, 15 டச்டவுன். பந்து நழுவுகிறதென்றால் கையைக் குறை சொல்வதற்கு முன் பாடம் ஏறியிருக்கிறதா என்று பார்.

5. சரியாக நில். ஆட்டம் தொடங்கும் கோட்டின் மேலா, ஓர் அடி பின்னேயா என்பதை ஓரத்து நடுவரிடம் கைகாட்டிக் கேட்டால் அவர் சைகையில் சொல்லிவிடுவார். 2023 டிசம்பர் 10 அன்று பில்ஸுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸுக்குக் கிடைத்த டச்டவுன், கடாரியஸ் டோனி கோட்டைத் தாண்டி நின்றிருந்ததால் செல்லாமல் போனது. 20-17 என்று தோற்றார்கள். அவர் அறிமுக வீரர்கூட அல்ல, மூன்றாம் ஆண்டுக்காரர்.

6. ஹடிலில் உண்மையைச் சொல். பந்து வராத ஒவ்வொரு முறையும் “நான் தனியாகத்தான் நின்றேன்” என்று சொல்லும் ரிசீவரின் பேச்சைக் குவாட்டர்பேக் விரைவிலேயே காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டுவிடுவார். “கார்னர்பேக் உள்பக்கத்தை அடைத்து நிற்கிறான், வெளியே போக விடுகிறான்” என்று சொல். அது அவருக்குப் பயன்படும் செய்தி. ரூட்டில் தவறு உன்னுடையது என்றால் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடு. தப்பாக வந்த பந்துக்கு இரண்டு கையையும் விரித்து அரங்கத்துக்குக் காட்டுவதை எக்காலத்திலும் செய்யாதே. உன் தவறுகளை அவர் அப்படிக் காட்டுவதில்லை.

7. பிடித்து முடிக்கும்வரை பிடி. கண் பந்தின் மேல் இருக்கட்டும், அது அக்குளுக்குள் அடங்கும்வரை இருக்கட்டும். மார்பால் வாங்காமல் விரல்களால் வாங்கு. மார்புக்கு மேலே வந்தால் கட்டைவிரல்கள் சேர வேண்டும், கீழே வந்தால் சுண்டுவிரல்கள். அடி விழப்போகிறதே என்று பாதியில் கையைச் சுருக்கினால் அதைக் குவாட்டர்பேக் மட்டுமல்ல, ஒளிப்பதிவு பார்க்கும் எல்லா அணிகளும் கவனித்துக்கொள்ளும்.

ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் டெஷான் ஜாக்சன் தன் இரண்டாவது ஆட்டத்தில், 2008 செப்டம்பரில் டல்லஸில், நீண்ட பந்தொன்றைப் பிடித்து டச்டவுன் கோட்டை நோக்கித் தனியாக ஓடினார். கொண்டாடும் அவசரத்தில் கோட்டைத் தொடுமுன்பே பந்தைக் கையிலிருந்து விட்டார். அடுத்த நகர்வில் அணி டச்டவுன் போட்டுவிட்டது, இருந்தாலும் அவருக்குக் கிடைக்க வேண்டியது போனது. ரைஸ் இதற்கு நேர்மாறு. பயிற்சியில் ஐந்து யார்டு பந்தைப் பிடித்தாலும் டச்டவுன் கோடுவரை ஓடிவிட்டுத்தான் திரும்புவார். கொத்தனாரான தந்தையோடு வேலை செய்த சிறுவயதில் அண்ணன் தம்பிகள் எறியும் செங்கற்களைப் பிடித்துப் பழகிய கை அது.

8. ரூட் முடிந்ததும் உன் வேலை முடியவில்லை. குவாட்டர்பேக் ஓடத் தொடங்கிவிட்டால் அவர் ஓடும் திசையிலேயே நீயும் நகர். 1982 ஜனவரி 10, டல்லஸுக்கு எதிராக, சான் பிரான்சிஸ்கோவின் குவாட்டர்பேக் ஜோ மொன்டானா மூன்று பேர் துரத்த வலது ஓரத்துக்கு ஓடினார். முதலில் தேட வேண்டிய ரிசீவர் ஃப்ரெடி சாலமனுக்கு வழியில்லை. டுவைட் கிளார்க் பின்கோட்டு ஓரமாக நகர்ந்து வந்து, தாவி விரல்நுனியில் பிடித்தார். 28-27 என்று வெற்றி. கிளார்க் பத்தாவது சுற்றில் எடுக்கப்பட்டவர். மொன்டானாவும் அவரும் 1979இல் ஒன்றாக அணிக்கு வந்தவர்கள். பந்து அத்தனை உயரத்தில் போனதற்குக் காரணம், அங்கே கிளார்க்கைத் தவிர வேறு யாராலும் எட்ட முடியாது என்பது.

9. பந்து உனக்கு வராத நகர்வுகளில் தடுத்து நில். ஓட்ட ஆட்டத்தில் உன் ஆளைத் தடுக்க மறுத்தால் முதலில் அதைக் கவனிப்பவர் குவாட்டர்பேக்.

10. பொறுத்திரு, ஆனால் சும்மா பொறுத்திராதே. இண்டியானாபொலிஸில் குவாட்டர்பேக் பேட்டன் மேனிங்கோடு சேர்ந்த ரெஜி வெய்ன், முதல் பருவமான 2001இல் 27 பந்துகள் பிடித்தார், ஒரு டச்டவுன்கூட இல்லை. 2007இல் 1,510 யார்டோடு லீக்கிலேயே முதலிடம். கிரீன் பேயின் டவான்டே ஆடம்ஸ் இரண்டாம் ஆண்டான 2015இல் கணுக்கால் காயத்தோடு ஆடி, பந்துகளைத் தவறவிட்டு, ஒரே ஒரு டச்டவுனோடு முடித்தார். மறு ஆண்டு 12. ஓய்வு மாதங்களில் இயந்திரம் எறியும் பந்துகளைப் பிடித்துப் பழகு, தவறில்லை. ஆனால் இயந்திரத்தின் பந்து எப்போதும் ஒரே மாதிரி வரும். உன் குவாட்டர்பேக்கின் பந்து வேறு. மொன்டானாவுக்குப் பின் ஸ்டீவ் யங் வந்தபோது ரைஸுக்கு எல்லாமே தலைகீழ், ஏனென்றால் யங் இடக்கைக்காரர், பந்து எதிர்த்திசையில் சுழன்று வரும். அதற்கும் கையைப் பழக்கிக்கொண்டார் ரைஸ். 1995 ஜனவரி சூப்பர் பௌலில் யங் எறிந்து அவர் போட்டவை மூன்று டச்டவுன்கள். முகாம் தொடங்குவதற்கு முன் உன் குவாட்டர்பேக் எந்த ஊரில் பயிற்சி செய்கிறார் என்று விசாரித்து, அனுமதி கேட்டுக்கொண்டு அங்கே போ. போகும்போது பிளேபுக்கையும் எடுத்துக்கொள்.