நெடுந்தீவில் மூன்று நாள் தியானம்

கேள்வி: எங்கள் தியானக் குழுவில் 20 பேர். நெடுந்தீவில் மூன்று நாள் தங்க நினைக்கிறோம். எப்படி ஆயத்தமாவது? (வாசகி, மானிப்பாய்)

பதில்: முதலில் காற்றைப் பாருங்கள், பிறகு நாட்காட்டியை. சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை குறிகட்டுவான் படகுத்துறைக்கு அப்பால் கடல் கொந்தளிக்கும். படகு நின்றுபோவதும் உண்டு. மாரியும் வேண்டாம். மாசி, பங்குனியில் கடல் அடங்கியிருக்கும், வெயில்தான் கொளுத்தும். எந்த மாதமானாலும் திரும்பும் நாளுக்கு அடுத்த நாளில் கல்யாணவீடு, சோதனை என்று ஒன்றும் வைக்காதீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து 776 பஸ் உங்களை அந்தத் துறையில் இறக்கிவிடும். அங்கிருந்து கடலில் சுமார் ஒரு மணித்தியாலம். படகு நேரத்தை முதல்நாளே விசாரித்து, காலைப் படகைப் பிடியுங்கள். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் வயிறுமுட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறக்கூடாது.

தண்ணீர்தான் பெரிய விஷயம். தீவின் கிணறுகள் பலவும் உவர். குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீர் எங்கிருந்து வரும் என்று தங்குமிடக்காரரிடம் கேட்டு உறுதிசெய்யாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். சாப்பாட்டுக்கும் தலைக்கணக்கை முன்கூட்டியே சொல்லுங்கள். 20 பேருக்குத் திடீரென்று பிட்டு அவிக்க எந்தக் கடையாலும் முடியாது.

தரையெங்கும் முருகைக்கல். வெறுங்காலுடன் தியான நடை என்ற யோசனை இருந்தால் கைவிடுங்கள். நல்ல செருப்பு வேண்டும். தொப்பி, டோர்ச், காசுத்தாள், வழமையாக எடுக்கும் மருந்துகள். தீவில் வைத்தியசாலை உண்டு, ஆனாலும் இருதய நோயாளிகள் தங்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டு வரட்டும்.

தீவில் பார்க்கவேண்டிய பெருக்க மரத்தையும் குதிரைகளையும் கடைசி நாளுக்கு வையுங்கள். முதல்நாளே காட்டினால் பிறகு ஒருவரும் கண்ணை மூடமாட்டார்கள்!