காண்பவரும் காணப்படுவோரும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

காலையில் எட்டயபுரத்தில் பேருந்து ஏறிக் கோவில்பட்டியில் இறங்குவதற்குள் ஒரு மாணவியை எத்தனை கருவிகள் பார்க்கின்றன? கடைத்தெருக் கேமரா ஒன்று, பேருந்து நிலையக் கேமரா ஒன்று, கைக்குள்ளேயே இருக்கும் கைப்பேசி ஒன்று. இதைப் பற்றித் தோழியரிடம் பேசினால் இரண்டே விடைகள்தாம் கிடைக்கின்றன. “தப்புச் செய்யாதவளுக்கு என்னடி பயம்?” என்பது ஒன்று. “இனிமே எதையும் மறைக்க முடியாது, விடு” என்பது மற்றொன்று. இவ்விரண்டும் எனக்கு நிறைவு தரவில்லை. அதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாரதியைத் தொடர்ந்த கண்கள்

நம் வட்டாரத்துக்குக் கண்காணிப்பு புதியதன்று. 1882இல் எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார், ‘இந்தியா’ பத்திரிகைமீது அரசின் கை விழுந்தபோது, 1908இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். பத்தாண்டுகள் அங்கு வாழ்ந்தார். ஆங்கில அரசு அங்கும் வேவுகாரர்களை அமர்த்தியது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி இரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டபின், புதுவையிலிருந்த சுதேசிகள்மீது கண்காணிப்பு மேலும் இறுகியது.

அக்காலத்தில் நிகழ்ந்த ஒன்று சிந்திக்கத்தக்கது. வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒரு ஜாடி போடப்பட்டது. அதனுள் அரசுக்கு எதிரான தாள்கள் இருந்தன. நீர் இறைக்கும்போது ஜாடி அகப்பட்டுக்கொண்டது. பாரதியாரின் யோசனைப்படி, அதை மறைக்காமல் பிரெஞ்சுப் போலீசாருக்கே தெரிவித்தார்கள். பின்னர் நடந்த சோதனையிலும் குற்றத்துக்குச் சான்று கிடைக்கவில்லை. “தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம்?” என்போருக்கு இதுவே விடை. பார்க்கிறவன் பார்ப்பதோடு நின்றுவிடுவான் என்பதற்கு உறுதி ஏதுமில்லை.

1918 நவம்பரில் பாரதியார் புதுவையை விட்டுப் புறப்பட்டுக் கடலூர் அருகே கைதானார். டிசம்பரில் விடுதலை கிடைத்தது. ஆனால் இன்ன மாவட்டத்தில்தான் வசிக்கவேண்டும், எழுதுவதைக் காவல்துறைக்குக் காட்டவேண்டும் என்ற நிபந்தனைகள் உடன் வந்தன.

கைப்பேசி இடம் காட்டும் முறை

இன்று வேவுகாரர் தெருமுனையில் நிற்கவேண்டியதில்லை. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் அணுக்கடிகாரம் காட்டும் நேரத்தை ஓயாமல் ஒலிபரப்புகிறது. குறைந்தது நான்கு கோள்களின் சைகைகள் வந்து சேரும் நேர வேறுபாட்டைக் கொண்டு கைப்பேசி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. மைக்ரோ வினாடி ஒன்று பிசகினால் 300 மீட்டர் பிழை வரும்.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. செயற்கைக்கோள் நம்மைப் பார்ப்பதில்லை. வானொலிப் பெட்டியைப் போலக் கைப்பேசி கேட்கிறது, அவ்வளவே. கேட்டறிந்த இடத்தை இணையம் வழியாகப் பிறருக்கு அனுப்புவது அதிலுள்ள செயலிகள். அந்த அனுமதியை, பெரும்பாலும் படித்துப் பாராமல், வழங்கியவர்கள் நாமே.

கேமரா யாருக்குக் காவல்?

கேமராவே வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. 2020 ஜூனில் நம் மாவட்டத்துச் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் பிடித்து வைக்கப்பட்ட தந்தையும் மகனும், கோவில்பட்டிச் சிறையில் அடைக்கப்பட்டபின் அடுத்தடுத்து இறந்தனர். விசாரணைக்குச் சென்ற கோவில்பட்டி நீதித்துறை நடுவர், நிலையத்துக் கேமராப் பதிவுகள் நாள்தோறும் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அளித்தார். வட்டில் இடம் இருந்தும் பதிவு இல்லை. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்துப் பதிவுகளை 18 மாதங்கள் வரை காக்கவேண்டும் என உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எளியவரைப் பார்க்கும் கேமரா ஓயாமல் ஓடுகிறது. வலியவரைப் பார்க்கவேண்டிய கேமராவின் நினைவு ஒரே நாளில் அழிகிறது.

எங்கள் வீட்டில்

எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர். அப்பாவுக்கு மானாவாரிக் கரிசல்காடு. என்னைக் கல்லூரியில் சேர்க்கும்போது, கைப்பேசியில் என் ‘லொகேஷன்’ எந்நேரமும் தமக்குத் தெரியவேண்டும் என்று அப்பா நிபந்தனை விதித்தார். என் தம்பிக்கு அந்த நிபந்தனை இல்லை.

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் ஒரு மாலை பேருந்து பழுதாகி நின்றது. என் கைப்பேசியில் சார்ஜ் இல்லை. அப்பாவின் திரையில் என் புள்ளி நடுவழியில் நின்றுவிட்டது. இருட்டியபின் வீடு சேர்ந்தேன். “நாளையிலிருந்து போகவேண்டாம்” என்றார். மூன்று நாள் வகுப்புக்குப் போகவில்லை.

நான்காம் நாள் நோட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினேன். “அந்தப் புள்ளி நான் இல்லப்பா. போன் கடைசியாச் சொன்ன சொல்லு, அவ்வளவுதான்” என்றேன். பிறகு, “உங்க லொகேஷனையும் எனக்கு அனுப்புங்க” என்று கேட்டேன். சிரித்துவிட்டார். “என்னையப் பாத்து என்னம்மா செய்யப்போற? காட்டுலதான் கெடப்பேன்.”

“நானும் காலேஜுலதாம்பா இருப்பேன்.”

சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். இப்போது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு. மாலையில் பேருந்து ஏறியதும் நானே இடத்தைப் பகிர்வேன். வீடு வந்ததும் நிறுத்துவேன். அவர் இரவில் காட்டுக்குப் போனால் எனக்குப் பகிர்வார். தம்பிக்கும் அதே ஒப்பந்தம்.

முடிவுரை

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அவ்வுரிமை ஏட்டோடு நிற்காதிருக்க, எந்தக் கண்காணிப்பின் முன்னும் நாம் மூன்று கேள்விகளை எழுப்பவேண்டும். பார்ப்பவர் யார்? பார்த்ததை எத்தனை காலம் வைத்திருப்பார்? காணப்படுபவர் திருப்பிக் கேட்க முடியுமா? மூன்றுக்கும் நேரான விடை இருந்தால் அது பாதுகாப்பு. இல்லையேல் அது வேவு.

நண்பர்களே, இன்றிரவே உங்கள் கைப்பேசியைத் திறந்து, எத்தனை செயலிகளுக்கு உங்கள் இடத்தை அறிய ‘எப்போதும்’ அனுமதி தந்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். என்னுடையதில் பதினொன்று இருந்தன. இப்போது ஒன்றுகூட இல்லை.