மஞ்சளும் மறதி நோயும்

மஞ்சள் கிழங்கிற்கு நிறமளிக்கும் வஸ்து குர்குமின் எனப்படும். 1815-ம் வருஷத்தில் பிரித்தெடுக்கப்பட்ட இது, உலர்ந்த மஞ்சளில் நூற்றுக்குச் சுமார் 2 முதல் 5 பங்கு வரை உண்டு.

1906-ல் ஜெர்மானிய வைத்தியர் அல்ஷைமர் எடுத்துரைத்த மறதி நோயில், அமிலாய்டு என்னும் புரதம் மூளையிற் படிகிறது. பிராணவாயுவினால் நேரும் சிதைவும் மிகுந்து, நரம்பணுக்கள் மடிகின்றன. சோதனைக் குழாயில் குர்குமின் அச்சிதைவைத் தடுப்பதுடன், அமிலாய்டு திரளுவதையும் குறைக்கிறது.

எனினும் அது நீரிற் கரைவதரிது. குடலினின்று இரத்தத்திற் சேர்வது சொற்பம். சேர்ந்ததும் ஈரலில் விரைவில் மாற்றமடைந்து கழிந்துவிடுகிறது. ஆகவே மூளையை எட்டுவது அற்பமே. 2012-ல் வெளியான அமெரிக்கப் பரிசோதனையொன்றில், நோயாளிகள் 24 வாரம் குர்குமின் உட்கொண்டும் பலன் காணப்படவில்லை.

இக்குறைகளை நீக்க, ரஸாயனிகள் குர்குமினை மாதிரியாகக் கொண்டு புதிய பொருள்களை அமைக்கின்றனர். அதன் நடுவிலுள்ள எளிதிற் சிதையும் பாகத்தை, நைட்ரஜன் அடங்கிய பைரசோல் வளையமாக மாற்றுவது ஒரு முறை. கலிபோர்னியாவிலுள்ள ஸால்க் ஆராய்ச்சிக் கழகத்தார் இவ்வழியே சென்று ஆக்கிய ஜே-147 என்னும் பொருள், நோயுற்ற சுண்டெலிகளின் ஞாபகம் குன்றாமற் காத்ததென 2011-ல் அறிவிக்கப்பட்டது. எலிக்கு உதவியது மனிதருக்கும் உதவுமென்று அதனால் துணிதல் கூடாது.

ஆதலின், மஞ்சள் பயிரிடுவோர் தம் விளைபொருளை மறதிக்கு மருந்தென்று கூறி விற்றலாகாது. மறதி கண்ட முதியோருக்கு மஞ்சட்பொடியை நம்பி, வைத்தியர் அளித்த மருந்தை நிறுத்துதலும் தகாது. மஞ்சள் உணவிற்கு உரியது. மருந்திற்கோ, இதுவரை, ஒரு மாதிரி மட்டுமே.