பழைய கம்ப்யூட்டரில் சி.டி. டிரைவர் மாற்றும் முறை



1990-களில் வாங்கிய கம்ப்யூட்டரை நம்மில் சிலர் இன்னும் விற்காமல் கிடங்கின் மூலையில் துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம். பில் போடப் புதிய கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனால் பழைய வருடங்களின் பேரேடும் சரக்கிருப்பும் அந்தப் பெட்டியில் ஓடும் டாஸ் கணக்கு புரோகிராமில்தான் திறக்கும். ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதாமல், முடிந்த வருடங்களின் கணக்கைச் சி.டி.யில் பதிந்து பீரோவில் வைத்தவர்களும் உண்டு.

"சி.டி.யைப் புதிய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் ஆயிற்று, இதற்கு ஏன் பழைய பெட்டி?" என்று கேட்கலாம். சி.டி.யில் உள்ள கோப்புகளின் பெயர் அங்கே தெரியும், கணக்கு தெரியாது. அந்தக் கோப்புகளைத் திறக்கப் பழைய புரோகிராம் வேண்டும். 64 பிட் விண்டோஸில் பழைய 16 பிட் டாஸ் புரோகிராம்கள் ஓடுவதில்லை. டாஸ்பாக்ஸ் என்ற இலவச புரோகிராமின் உதவியால் சிலவற்றை ஓட்டலாம். ஆனால் பிரிண்டர் இணைப்பில் செருகும் பூட்டு இருந்தால்தான் திறக்கும் என்ற வகைக் கணக்கு புரோகிராம்களுக்குப் பெரும்பாலும் பழைய பெட்டியே கதி.

எங்கள் கடையிலும் அப்படித்தான் ஆயிற்று. பெரியப்பா மகனும் நாங்களும் சேர்ந்து நடத்திய மளிகை மொத்த வியாபாரம் 2011-இல் பிரிந்தது. பங்கு பிரிக்க 2000-ஆம் ஆண்டு மார்ச் 31-இல் முடித்த கணக்கு தேவைப்பட்டது. அது சி.டி.யில் இருந்தது. பழைய சி.டி. டிரைவ் கெட்டுப்போயிருந்ததால் வேறொன்று வாங்கி மாட்டினோம். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை. வந்த மெக்கானிக் ஏதேதோ வரிகளை அழித்துப் புதிய வரிகளை எழுதினார். சி.டி. திறந்தது. ஆனால் கணக்கு புரோகிராம் "நினைவகம் போதாது" என்று நின்றுவிட்டது. அழித்த வரிகள் என்னவென்று அவருக்கும் நினைவில்லை, எங்களிடமும் நகல் இல்லை. இரண்டு நாள் கடை வேலை கெட்டது. அந்த அனுபவத்திலிருந்துதான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

டிரைவ் வேறு, டிரைவர் வேறு

சி.டி. போடும் பெட்டி டிரைவ். அதை இயக்கும் சிறு புரோகிராம் டிரைவர். லாரியும் அதன் டிரைவரும் போலத்தான். லாரி புதிதாக இருந்தாலும் ஓட்டத் தெரிந்தவர் இல்லாவிட்டால் சரக்கு வந்து சேராது.

எம்.எஸ். டாஸ் 6.22 (1994) உள்ள கம்ப்யூட்டரில் சி.டி. திறக்க இரண்டு வரிகள் வேண்டும். முதல் வரி, கான்ஃபிக்.சிஸ் என்ற கோப்பில் டிரைவரை ஏற்றுகிறது. இரண்டாவது வரி, ஆட்டோஎக்செக்.பேட் என்ற கோப்பில் எம்எஸ்சிடெக்ஸ் என்ற புரோகிராமை ஓட்டி, சி.டி.க்கு ஒரு எழுத்தைத் தருகிறது. எம்எஸ்சிடெக்ஸ் டாஸுடனேயே வருவது. அதை மாற்ற வேண்டியதில்லை. டிரைவர் மட்டும் அந்தந்த டிரைவ் தயாரிப்பாளர் தந்தது. டிரைவை மாற்றினால் பழைய டிரைவர் புதியதைக் கண்டுகொள்ளாமல் போவது இதனால்தான்.

1998-இல் வந்த விண்டோஸ் 98-இன் தொடக்க ஃபிளாப்பியில் ஓக்சிடிராம்.சிஸ் என்ற டிரைவர் இருக்கிறது. மதர்போர்டில் ஐ.டி.இ. கேபிள் மூலம் இணையும் சி.டி. டிரைவ்களில் பெரும்பாலானவற்றை, எந்தத் தயாரிப்பானாலும், இது இயக்கும். இந்தப் பாடத்தில் நாம் போடப்போவது இதைத்தான். ஆனால் 1990-களின் தொடக்கத்தில் வந்த சில டிரைவ்கள் சவுண்டு கார்டில் தனி வகை இணைப்பில் மாட்டப்பட்டவை. உங்கள் டிரைவின் கேபிள் சவுண்டு கார்டுக்குப் போனால் இந்த முறை பொருந்தாமல் போகலாம். அந்தத் தயாரிப்பாளரின் டிரைவரே வேண்டும்.

முதலில் பழுது எங்கே என்று பாருங்கள்

மளிகைக் கடையில் மாவும் மிளகாய்த் தூளும் காற்றில் பறந்துகொண்டே இருக்கும். டிரைவின் லென்ஸில் அது படிந்தாலும் சி.டி. திறக்காது. டிரைவரைக் குறை சொல்லும் முன் கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

1. சி.டி.யை மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்கவும். வட்டமாகத் துடைக்கக் கூடாது.

2. மின்சார இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறக்கவும். உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொள்ளவும். கேபிளின் சிவப்புக் கோடு உள்ள ஓரம், இணைப்பின் 1 என்ற எண் பக்கம் இருக்க வேண்டும்.

3. ஒரே கேபிளில் ஹார்ட் டிஸ்க்கும் சி.டி. டிரைவும் இருந்தால், ஹார்ட் டிஸ்க் மாஸ்டர், சி.டி. டிரைவ் ஸ்லேவ் என்று ஜம்பர் அமைந்திருக்க வேண்டும்.

4. பிறகு விண்டோஸ் 98 தொடக்க ஃபிளாப்பியைப் போட்டுக் கம்ப்யூட்டரை இயக்கவும். வரும் பட்டியலில் முதலாவதான, சி.டி. வசதியுடன் தொடங்கும் வழியைத் தேர்ந்தெடுக்கவும். இந்த ஃபிளாப்பி நினைவகத்திலேயே ஒரு தற்காலிக டிரைவை உண்டாக்குவதால் சி.டி.யின் எழுத்து ஒன்று தள்ளிப்போகும். 'டி'யில் இல்லாவிட்டால் 'இ'யில் பாருங்கள்.

இந்த நான்காவது சோதனை முக்கியமானது. ஹார்ட் டிஸ்க்கில் எதையும் மாற்றாமலேயே விடை கிடைத்துவிடுகிறது. சி.டி. இதில் திறந்தால் டிரைவும் கேபிளும் நன்றாக உள்ளன. டிரைவரை மாற்றினால் போதும். இதிலும் திறக்காவிட்டால் வேறொரு சி.டி.யைப் போட்டுப் பாருங்கள். அதுவும் திறக்காவிட்டால் பழுதைக் கேபிளிலோ டிரைவிலோ தேட வேண்டும்.

மாற்றும் முன் செய்ய வேண்டியவை

கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்செக்.பேட் இரண்டையும் ஒரு ஃபிளாப்பியில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபார்மட் ஏ: /எஸ் என்ற கட்டளையால் அந்த ஃபிளாப்பியை முன்பே தயார் செய்துகொண்டால், நாளைக்குக் கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எழாவிட்டாலும் ஃபிளாப்பியிலிருந்து எழும். நடப்பில் உள்ள கணக்கையும் தனி ஃபிளாப்பிகளில் நகல் எடுத்து, தேதி எழுதி ஒட்டி வையுங்கள்.

நெடுநாள் கிடந்த பெட்டியில் உள் பேட்டரி இறங்கியிருக்கக்கூடும். அப்படியானால் ஹார்ட் டிஸ்க்கின் அளவு முதலிய விவரங்கள் அழிந்துபோகும். பெட்டி சரியாக எழும் நாளிலேயே செட்டப் திரையில் உள்ள எண்களை ஒரு தாளில் எழுதி, பெட்டியின் உள்பக்கம் ஒட்டி விடுங்கள்.

மாற்றும் முறை

கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். எழுத்துக்கூட்டலில் ஐயம் வந்தால், டிர் கட்டளை கோப்புகளின் பெயரைக் காட்டும். பழைய வரிகளும் அந்த இரு கோப்புகளிலேயே இருக்கும். பார்த்துத் தட்டுங்கள்.

படி 1: ஹார்ட் டிஸ்க்கில் சிடி என்ற பெயரில் ஒரு டைரக்டரி உண்டாக்கி, ஃபிளாப்பியிலிருந்து ஓக்சிடிராம்.சிஸ் கோப்பை அதில் நகல் எடுக்கவும்.

படி 2: எடிட் கட்டளையால் கான்ஃபிக்.சிஸ் கோப்பைத் திறக்கவும். பழைய சி.டி. டிரைவர் வரியை அழிக்காதீர்கள். அதன் முன்னால் ரெம் என்று தட்டி ஓர் இடைவெளி விடுங்கள். பேரேட்டில் தவறான பதிவைச் சுரண்டாமல் கோடு போட்டு அடிப்பது போல, வரி அங்கேயே இருக்கும். வேலை மட்டும் செய்யாது.

படி 3: அதற்குக் கீழே இந்த வரியைச் சேர்க்கவும்.
டிவைஸ்=சி:\சிடி\ஓக்சிடிராம்.சிஸ் /டி:எம்எஸ்சிடி001
லாஸ்ட்டிரைவ்=இசட் என்ற வரி இல்லாவிட்டால் அதையும் சேர்க்கவும்.

படி 4: ஆட்டோஎக்செக்.பேட் கோப்பில் இந்த வரி இருக்க வேண்டும்.
சி:\டாஸ்\எம்எஸ்சிடெக்ஸ் /டி:எம்எஸ்சிடி001 /எல்:இ
இதில் 'டி'க்குப் பின் வரும் பெயரும் படி 3-இல் வரும் பெயரும் ஓர் எழுத்தும் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். பில்லும் சரக்குச் சிட்டையும் ஒத்துப்போக வேண்டியது போலத்தான். கடைசி எழுத்து, சி.டி.க்கு நாம் தரும் டிரைவ் எழுத்து.

படி 5: ஸ்மார்ட்டிரைவ் வரி இருந்தால் அது எம்எஸ்சிடெக்ஸ் வரிக்குக் கீழே வரட்டும். அப்போதுதான் சி.டி. படிப்பதும் வேகமாகும்.

படி 6: சேமித்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்து மீண்டும் இயக்கவும்.

திரையில் வரும் செய்திகள்

"டிவைஸ் டிரைவர் நாட் ஃபவுண்ட்" என்று வந்தால், டிரைவர் ஏறவில்லை அல்லது இரண்டு வரிகளிலும் பெயர் ஒத்துப்போகவில்லை என்று பொருள். "சிடிஆர்101, நாட் ரெடி" என்றால் டிரைவர் சரி, சி.டி. உள்ளே இல்லை அல்லது படிக்க முடியவில்லை. "சிடிஆர்103" என்றால் அந்தச் சி.டி.யின் பதிவு முறை டாஸுக்குப் புரியவில்லை, பாட்டுச் சி.டி.யைப் போட்டாலும் இதே செய்தி வரும்.

கம்ப்யூட்டர் பாதியில் நின்றுபோனால் பயப்பட வேண்டாம். மீண்டும் இயக்கி, "ஸ்டார்ட்டிங் எம்.எஸ். டாஸ்" என்ற வரி தோன்றும்போது எஃப்5 விசையை அழுத்தினால் இரண்டு கோப்புகளையும் விட்டுவிட்டு எழும். எஃப்8 அழுத்தினால் ஒவ்வொரு வரியாக "வேண்டுமா, வேண்டாமா" என்று கேட்கும்.

கணக்கு புரோகிராம் திறக்காவிட்டால்

எங்களைத் தடுமாற வைத்தது இந்த இடம்தான். டாஸ் புரோகிராம்களுக்கு அடிப்படை நினைவகம் 640 கிலோபைட் மட்டுமே. பெட்டியில் 16 மெகாபைட் இருந்தாலும் இந்த எல்லை மாறாது. டிரைவரும் எம்எஸ்சிடெக்ஸும் அதில் இடம் பிடித்துக்கொண்டால் கணக்கு புரோகிராமுக்கு இடம் போதாது.

இதற்கு வழி, அவற்றை மேல் நினைவகத்துக்கு ஏற்றுவது. கான்ஃபிக்.சிஸ் கோப்பில் முதலில் ஹைமெம்.சிஸ், அடுத்து இஎம்எம்386 நோஇஎம்எஸ், பிறகு டாஸ்=ஹை,யுஎம்பி என்ற வரிகள் இருக்க வேண்டும். அவற்றுக்குக் கீழே, டிரைவர் வரியில் டிவைஸ் என்பதை டிவைஸ்ஹை என்று மாற்றவும். எம்எஸ்சிடெக்ஸ் வரியின் முன்னால் எல்ஹெச் என்று சேர்க்கவும். மெம் /சி என்று தட்டினால் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று தெரியும். உங்கள் புரோகிராம் இஎம்எஸ் நினைவகத்தைக் கேட்கும் வகையானால் நோஇஎம்எஸ் போடக் கூடாது.

அப்படியும் இடம் போதாவிட்டால் எளிய வழி ஒன்று உண்டு. சி.டி.யிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுக்கும் வரை டிரைவர் இருந்தால் போதும். நகல் எடுத்தபின் கம்ப்யூட்டரை மீண்டும் இயக்கி, எஃப்8 அழுத்தி, சி.டி. வரிகள் இரண்டுக்கும் மட்டும் "வேண்டாம்" சொல்லுங்கள். கணக்கு புரோகிராம் முன்போல் திறக்கும்.

விண்டோஸ் 95, 98 உள்ளவர்கள்

இவர்களுக்கு மேற்கண்ட இரண்டு வரிகளும் தேவையில்லை. விண்டோஸிலேயே சி.டி. டிரைவர் உண்டு. பழைய டாஸ் வரிகள் மிச்சமிருந்தால் விண்டோஸ் டாஸ் ஒத்திசைவு நிலைக்கு இறங்கி மந்தமாகலாம். கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் என்பதைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் அப்படி எழுதியிருந்தால் அந்த வரிகளின் முன் ரெம் போடுங்கள். டிவைஸ் மானேஜரில் மஞ்சள் அடையாளம் இருந்தால் முதலில் ஐ.டி.இ. கண்ட்ரோலரைக் கவனியுங்கள்.

சி.டி. திறந்த பிறகு

அவசரப்பட்டுப் பழைய வருடக் கணக்கை நடப்புக் கணக்கின் மேல் இறக்கிவிடாதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தால் நடப்புக் கணக்கு அழிந்துபோகும். வருடத்தின் பெயரில் தனி டைரக்டரி உண்டாக்கி அதில் இறக்குங்கள். விண்டோஸில் நகல் எடுத்தால் கோப்புகள் "படிக்க மட்டும்" என்ற நிலையில் வரும். கணக்கு புரோகிராம் அவற்றைத் திறக்க மறுக்கலாம். அட்ரிப் -ஆர் கட்டளையால் அந்த நிலையை நீக்கவும். டாஸில் நீண்ட கோப்புப் பெயர்கள் சுருங்கித் தெரியும், அது பழுதல்ல.

கணக்கு திறந்ததும் ஐந்தொகை, பேரேடு, சரக்கிருப்பு, பாக்கிப் பட்டியல் நான்கையும் அச்சிட்டு ஆடிட்டரிடம் ஒரு நகல் கொடுங்கள். புரோகிராமில் அச்சைக் கோப்பாக எடுக்கும் வசதி இருந்தால் அந்தக் கோப்பை ஃபிளாப்பி வழியாகப் புதிய கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகலாம். அதைத் திறக்கப் பழைய புரோகிராம் தேவையில்லை. வெயிலிலும் ஈரத்திலும் கிடந்த சி.டி. இன்னொரு முறை திறக்கும் என்பதற்கு உறுதியில்லை.

எங்கள் கணக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும் அல்லவா? அந்த வருடம் பெரியப்பா மகன் எடுத்த தொகை ஒன்று திரும்ப வரவில்லை என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் அச்சில் வந்த பேரேட்டில், அது பிப்ரவரியிலேயே வரவு வைக்கப்பட்டிருந்தது. மறந்தது நாங்கள். அந்தத் தாளை அவரிடம் நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

ஆகவே, உங்கள் கிடங்கிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தால், தேவை வரும் வரை காத்திராதீர்கள். கடைக்கு விடுமுறை விடும் ஒரு நாளில் துணியை எடுத்து, தூசி தட்டி, ஒரு முறை இயக்கிப் பாருங்கள்.